பன்னிரண்டு கார்பன் தகராறு

மார்கழிக் காலையில் கோயம்புத்தூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. தலைக்குத் தேய்க்க வேண்டுமென்றால் பாட்டிலை வெந்நீர்ச் சொம்புக்குள் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத ஒரு பையனை எங்கள் பகுதி ஜிம்மில் பார்த்தேன். அகலவாய் டப்பாவில் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்த எண்ணெயைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டு, மேலே கடுங்காப்பியை ஊற்றிக்கொண்டான். இரண்டு கரண்டி. மூன்று மாதத்தில் ஆணழகன் போட்டிக்கு மேடையேறப் போகிறவன்.

"என்னப்பா இது?" என்றேன்.

"நல்ல கொழுப்புங்ணா. எம்சிடி. நேரா ஈரலுக்குப் போயி எரிஞ்சிருமாம். உடம்புல ஒட்டாதுங்களாம். மாஸ்டர் சொன்னாரு."

மாஸ்டரைக் குறை சொல்வதற்கில்லை. உலகம் முழுக்க ஜிம்களில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இது. அதில் ஒரு உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த உண்மை தேங்காய் எண்ணெயைப் பற்றியது இல்லை. அதே எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வேறொரு பொருளைப் பற்றியது. இரண்டும் ஒன்றாகிப் போனதற்குக் காரணம் ஒரு பெயர்.

உறைந்த எண்ணெயிலிருந்தே தொடங்கலாம். எந்த எண்ணெயும் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களால் ஆனதுதான். கிளிசரால் என்ற ஒரு சின்னக் கொக்கியில் மூன்று மூன்றாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கார்பன் அணுக்களின் சங்கிலி. நிறைவுற்ற கொழுப்பில் அந்தச் சங்கிலி நேராக நிற்கும். கரும்புக் கட்டு போல ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும்; அதனால் சீக்கிரம் இறுகும். நிறைவுறாக் கொழுப்பில் நடுவே ஒரு மடக்கு இருக்கும். ஒடிந்த கரும்பைக் கட்டாக அடுக்க முடியாது, அதனால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மார்கழியிலும் ஓடும். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில்கூட அவ்வளவு கிடையாது; அதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனாலும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. சங்கிலிகள் நேராக இருந்தாலும் குட்டையாக இருப்பதால் பிடிப்பு குறைவு.

எவ்வளவு குட்டை? இங்கேதான் தகராறு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 கார்பன். அடுத்து 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக், 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக். இன்னொரு பக்கம் 8 கார்பன் கொண்ட கேப்ரிலிக், 10 கார்பன் கொண்ட கேப்ரிக். இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்தால் மொத்தத்தில் 14 சதவீதம் வரும்.

வேதியியல் புத்தகம் 6 முதல் 12 கார்பன் வரை உள்ளவற்றை நடுத்தரச் சங்கிலி (எம்சிடி என்பதில் வரும் 'எம்சி' இதுதான்) என்று ஒரே வரிசையில் போடுகிறது. பாடநூலுக்கு எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும், கிழித்துவிட்டார்கள். சிறுகுடல் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

குடலுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. 8, 10 கார்பன் உள்ள சின்னச் சங்கிலிகள் குடல் சுவரைத் தாண்டியதும் நேராக ரத்தத்தில் இறங்கி, கல்லீரலுக்குப் போகும் சிரை வழியே போய்விடும். கல்லீரல் உயிரணுவின் உலைக்களமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய நீண்ட சங்கிலிகளுக்குக் கார்னிடைன் என்ற காவலாளியின் துணை வேண்டும். இந்தக் குட்டைகள் அவரைக் கேட்காமலே உள்ளே போய்விடும், எரிந்தும் விடும். பையன் சொன்ன "நேரா ஈரலுக்குப் போயி" என்பது இதுதான்.

நீண்ட சங்கிலிகளின் பயணம் வேறு. குடல் சுவரிலேயே அவை மறுபடி மூன்று மூன்றாகக் கட்டப்பட்டு, புரத உறை போட்ட கைலோமைக்ரான் என்ற மூட்டைகளில் ஏற்றப்படும். மூட்டைகள் நிணநீர்க் குழாய் வழியாக மார்பைச் சுற்றி மேலேறி, இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கும். பிறகு தசை எடுக்கும், கொழுப்புத் திசு எடுக்கும், மிச்சம் கல்லீரலுக்கு. எரிவதும் உண்டு, சேமிப்பதும் உண்டு.

லாரிக் அமிலம் எந்த வாசல்? பெரும்பகுதி இரண்டாவது வாசல். ஒரு பகுதி முதல் வாசலில் நழுவுவது உண்மை. பால்மிட்டிக் அமிலத்தைவிட அது கொஞ்சம் சுறுசுறுப்புதான். ஆனால் உடம்பின் கணக்கில் அது நீண்ட சங்கிலிகளின் கூட்டாளி. பெயரில் நடுத்தரம், நடத்தையில் நீளம்.

எம்சிடி என்ற மூன்றெழுத்தின் கதையும் இதனோடு ஒட்டியது. தேங்காய் எண்ணெயிலிருந்து லாரிக்கை ஒதுக்கிவிட்டு 8, 10 கார்பன் பகுதியை மட்டும் வைத்துத் தயாரிப்பதுதான் எம்சிடி எண்ணெய். 1950-களில் அது மருத்துவமனைச் சரக்கு. கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்கு, அந்த மூட்டை கட்டும் வேலையே தேவைப்படாத ஒரு கொழுப்பாகக் கொடுத்தார்கள். பிறகு வலிப்பு நோய்ச் சிறுவர்களுக்கான கீட்டோ உணவில் புகுந்தது. அமெரிக்க உடற்கட்டுப் பயிற்சியாளர் ஜான் பரில்லோ அதைக் கேப்ட்ரை என்ற பெயரில் பாட்டிலில் அடைத்துக் கட்டழகர்களுக்கு விற்றார். பின்னால் டேவ் ஆஸ்ப்ரே என்பவர் காபியில் வெண்ணெயும் எம்சிடி எண்ணெயும் கலக்கும் புல்லட்புரூஃப் காபியைப் பிரபலமாக்கினார். நம் பையனின் கடுங்காப்பி அதன் கொங்கு நாட்டு ஒன்றுவிட்ட தம்பி.

எம்சிடி எண்ணெய் எடை குறைக்க உதவுமா என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேரி-பியர் செயின்ட்-ஓன்ஜ் 2000-களில் ஆராய்ந்தார். கொஞ்சம் உதவியது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைப் பின்னால் 13 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது: வழக்கமான கொழுப்புக்குப் பதிலாக எம்சிடி சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது சராசரியாக அரைக் கிலோ. அது முழுக்க முழுக்க எம்சிடி எண்ணெய்க்குக் கிடைத்த முடிவு. தேங்காய் எண்ணெய்க்கு அதை நீட்டக் கூடாது என்று செயின்ட்-ஓன்ஜே பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் நீட்டின. கடைகள் இன்னும் நீட்டின.

ஒரு சின்னக் கணக்கு. அந்த மாதிரி ஆய்வுகளில் தினமும் கொடுத்தது ஏறத்தாழ 20 கிராம் எம்சிடி. இதே 20 கிராம் குட்டைச் சங்கிலிகளைத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், 14 சதவீதக் கணக்கில், 140 கிராமுக்கு மேல் குடிக்க வேண்டும். அது 1,250 கலோரிக்கு மேல். பையனின் இரண்டு கரண்டியில் இருப்பது நான்கு கிராம்கூட இல்லை.

எம்சிடி எண்ணெயை வாங்கினால் தீர்ந்ததா என்றால் அதுவும் சந்தேகம்தான். 1990-களில் சைக்கிள் வீரர்களுக்கு எம்சிடி கொடுத்து நெதர்லாந்துக்காரர் அஸ்கர் யூகன்ட்ரப்பும் குழுவினரும் சோதித்தார்கள். 85 கிராம் கொடுத்தபோது வேகம் கூடவில்லை, வயிற்றைப் பிசைந்ததுதான் மிச்சம்.

"உடம்புல ஒட்டாது" என்ற பேச்சுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கல்லீரலில் முதலில் எரிவது எம்சிடி என்றால், அது எரியும் நேரத்தில் மற்ற கொழுப்பு எரியாமல் காத்திருக்கும். நாள் முடிவில் வரவு செலவு ஒன்றுதான். வரவு மிஞ்சினால் இடுப்பில் சேரும், எந்த வாசல் வழியாக வந்தாலும்.

இவ்வளவு சொன்னதால் கட்டழகருக்குக் கொழுப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்த மூடநம்பிக்கையும் நம் ஜிம்களில் உண்டு. பத்து முட்டையை உடைத்து மஞ்சளைத் தொட்டியில் ஊற்றிய தலைமுறை இன்னும் மாஸ்டர்களாக இருக்கிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் ஏறக் கொழுப்பு வேண்டும். உயிரணுச் சவ்வு கட்டக் கொழுப்பு வேண்டும். டெஸ்டோஸ்டிரோனுக்கும் தொடர்பு உண்டு. 2021-இல் விட்டேக்கர், வூ இருவரும் ஆறு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 206 ஆண்கள். கலோரியில் 40 சதவீதம் கொழுப்பாகச் சாப்பிட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கியபோது டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுகள், சின்ன எண்ணிக்கை. ஆனால் திசை தெளிவு: கொழுப்பை ஒரேயடியாக வெட்டுவது நல்லதில்லை. மேடைக்கு முந்தைய மாதங்களில் கலோரியில் 15 முதல் 30 சதவீதம் கொழுப்பு இருக்கட்டும் என்று எரிக் ஹெல்ம்ஸ், ஆலன் அரகான் முதலானோர் 2014-இல் எழுதியதைத்தான் இன்றைய பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பையனோடு உட்கார்ந்து ஒரு நாள் கணக்குப் போட்டோம். எடை 75 கிலோ. உடம்பை இறக்கும் கட்டிங் காலம், அதனால் 2,200 கலோரி. கால்வாசி கொழுப்பு என்றால் 550 கலோரி, அதாவது 61 கிராம். உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அவனுக்கு அது 24 கிராம். காலையில் சுரண்டிய இரண்டு மேசைக்கரண்டி 27 கிராம் எண்ணெய், 240 கலோரி, அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 22 கிராம். காலை ஆறரை மணிக்கே அன்றைய கோட்டாவில் இரண்டு கிராம்தான் பாக்கி. அவன் சாப்பிடும் நான்கு முழு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது, அரை லிட்டர் பாலில் ஒன்பதோ பத்தோ. சிக்கனை இன்னும் தொடவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்புகள் இரண்டே இரண்டு: ஒமேகா 6 வகை லினோலிக் அமிலமும் ஒமேகா 3 வகை ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும். தேங்காய் எண்ணெயில் முன்னது 2 சதவீதம், பின்னது இல்லை என்றே சொல்லலாம். கட்டிங் காலத்தில் கொழுப்புக்கு இருப்பது கைப்பிடி இடம். அதில் பாதியை இந்த எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டால் மத்திக்கும் வேர்க்கடலைக்கும் எள்ளுக்கும் இடம் எங்கே?

சரி, உடம்பை ஏற்றும் பல்க்கிங் காலத்தில்? கலோரி தாராளம், இரண்டு கரண்டி போனால் என்ன என்று கேட்கலாம். ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த ஒரு சோதனை இங்கே எனக்கு மிகவும் பிடித்தது. 39 இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் ஏழு வாரம் மஃபின் தின்னக் கொடுத்தார்கள், எடை கூடட்டும் என்றே. ஒரு பாதிக்குப் பாமாயில் மஃபின், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் மஃபின். இரு குழுவுக்கும் கூடியது ஒரே எடை, 1.6 கிலோ. ஆனால் பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உட்பகுதியிலும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது; சூரியகாந்திக் குழுவுக்குக் கொழுப்பல்லாத திசு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் கூடியது. 2014-இல் வெளியான இந்த முடிவைக் கட்டழகர்கள் ஏன் சட்டம் போட்டு மாட்டவில்லை என்று நான் வியந்ததுண்டு. ஆனால் அவசரப்படக் கூடாது. அவர்கள் யாரும் எடை தூக்கவில்லை. பாமாயிலில் இருப்பது பால்மிட்டிக், லாரிக் இல்லை. அதே குழு பின்னால் அதிக எடை உள்ளவர்களிடம் செய்த ஆய்விலும் கல்லீரல் கொழுப்பு விஷயம் மட்டும் அப்படியே திரும்ப வந்தது. மிகையாகச் சாப்பிடும் காலத்தில்தான் கொழுப்பின் ரகம் அதிகம் முக்கியம் என்ற சந்தேகத்துக்கு இது போதும்.

இனி இதயம். தேங்காய் எண்ணெய் பற்றிய சண்டை முழுக்க இங்கேதான். 2017-இல் அமெரிக்க இதயச் சங்கம் ஏழு கட்டுப்பாட்டு ஆய்வுகளைப் பார்த்து, ஏழிலும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, ஆறில் அது புள்ளியியல்படி உறுதி என்றது. 2018-இல் ஜெர்மனியில் ஒரு சொற்பொழிவில் காரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியர் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்று சொல்லிவிட, இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையரே மறுப்புக் கடிதம் எழுதினார். விஷம் என்பது அதிகப்படி. அப்படிச் சொல்பவர்கள்தான் எதிர்ப்பக்கத்தின் அமுதப் பேச்சுக்குத் தீனி போடுகிறார்கள்.

எண்ணெய்க்கு ஆதரவாகவும் சான்று உண்டு. மாஸ்ட்ரிக்ட்டின் ரொனால்ட் மென்சிங்க் 2003-இல் 60 பரிசோதனைகளைத் தொகுத்தபோது, லாரிக் அமிலம் எல்டிஎல்லை ஏற்றினாலும் எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும் சேர்த்து ஏற்றுவதைக் கண்டார். கொச்சி அம்ருதா மருத்துவமனையில் 200 இதய நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டு தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் வழக்கமான இதய சிகிச்சையில் இருந்தவர்கள். கேம்பிரிட்ஜின் கே-டீ காவ் குழு 2018-இல் நான்கு வாரம் தினமும் 50 கிராம் கொடுத்தபோது, வெண்ணெய் எல்டிஎல்லை ஏற்றியது, தேங்காய் எண்ணெய் ஏற்றவில்லை. இப்படி ஆளுக்கொரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடலாம். 2020-இல் 16 ஆய்வுகளை ஒன்றாக்கிய தொகுப்புதான் இப்போதைக்குத் தராசு: மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல் சுமார் 10 புள்ளி கூடுகிறது, எச்டிஎல் 4 புள்ளி கூடுகிறது.

"எச்டிஎல் நல்ல கொழுப்புதானுங்ணா, அதுவும் ஏறுதுல்ல?" என்றான். நல்ல கேள்வி. உலகின் பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றும் அப்படித்தான் நினைத்தது. ஃபைசர் டார்செட்ரபிப் என்ற மருந்தில் எச்டிஎல்லை அமோகமாக ஏற்றிக் காட்டியது. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்டவர்களிடம் மரணம் அதிகம். எச்டிஎல் எண் ஏறினால் மட்டும் நெஞ்சுக்குக் காவல் கிடைத்துவிடாது. எல்டிஎல் ஏறினால் மட்டும் ரத்தக்குழாய்க்குக் கேடு நிச்சயம்.

ஜிம்மில் சத்தமாகப் பேசப்படாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு எச்டிஎல் பாதாளத்துக்குப் போகும், எல்டிஎல் ஏறும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்பே வருகிறது என்பதும் தெரிந்ததுதான். அந்த இரண்டுக்கும் மேலே தினம் இரண்டு கரண்டி என்றால், முதலில் லிப்பிட் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் கரண்டியை எடுப்பது நல்லது.

பசிபிக் தீவுகளை யாராவது இழுப்பார்கள். டோகெலாவ் தீவினர் கலோரியில் 63 சதவீதத்தைத் தேங்காயிலிருந்து எடுத்தார்கள், இதய நோயும் அரிது என்று 1981-இல் பதிவானது. உண்மை. அவர்கள் தின்றது தேங்காயை, கூடவே மீனையும் ஈரப்பலாவையும். புட்டியிலிருந்து கரண்டியில் அல்ல. அவர்களின் கொலஸ்ட்ரால் தேங்காய் குறைவாகத் தின்ற புக்காபுக்கா தீவினரைவிட அதிகமாகவே இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஒன்றில்லை என்பது நம் சமையலறைக்கும் பொருந்தும். முப்பது கிராம் துருவிய பச்சைத் தேங்காயில் பத்து கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட மூன்று கிராம் நார். மென்று தின்ன வேண்டும், வயிறு நிறைந்தது தெரியும். எண்ணெயில் நாரும் இல்லை, புரதமும் இல்லை, தொண்டையில் இறங்குவதும் தெரியாது. செக்கில் ஆட்டினால் மாறிவிடுமா என்றால், மணமும் சில பாலிஃபீனால்களும் தங்கும்; பன்னிரண்டு கார்பன் பன்னிரண்டாகவேதான் இருக்கும். காங்கேயத்துக் கொப்பரைக் களத்தில் காய்ந்தாலும் சரி, கண்ணாடிப் புட்டியில் 'விர்ஜின்' என்று எழுதி நாலு மடங்கு விலை வைத்தாலும் சரி.

சமையலுக்கு அது அருமையான எண்ணெய். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. மடக்கில்லாத சங்கிலிகள் என்பதால் சூட்டில் சீக்கிரம் சிதையாது, நாளானாலும் எளிதில் சிக்கு வாடை அடிக்காது. செக்கு எண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகையும் என்பதால் வறுவலுக்கு அடுப்பைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு தேக்கரண்டிக்கு மாற்றே கிடையாது. அந்த ஒரு தேக்கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு நாலு கிராமுக்குள்தான். கட்டிங் கணக்கில்கூட அதற்கு இடம் உண்டு.

பையன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். காலைக் கரண்டியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், வாரம் மூன்று நாள் மத்தியும் என்று பேசி முடித்தோம். மாஸ்டரிடம் என்ன சொல்வது என்ற கவலை அவன் முகத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு.

"அப்ப இந்த ரெண்டு லிட்டர் டப்பாவ என்ன பண்றதுங்ணா? இப்பத்தான் பிரிச்சேன்."

சேலம் கலால் துறை தொடுத்த ஒரு வழக்கு எனக்கு ஞாபகம் வந்தது. சின்னப் பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்பதுதான் வழக்கு. 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, 2024 டிசம்பரில் மூவர் அமர்வு உட்கார்ந்து அதைச் சமையல் எண்ணெயாகவே கொள்ளலாம் என்று முடித்து வைத்தது.

"அம்மாகிட்டக் குடுத்துரு. அவியலுக்கும் ஆகும், தலைக்கும் ஆகும்" என்றேன்.